நுரையீரல் அனுப்பிய செய்தி



இந்த மண்டபம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. தில்லி முனிர்காவில் டி.டி.ஏ. வீடுகளில் முப்பது நாற்பது வருஷம் ஏறி இறங்கியவர்களுக்கு இது புதிதல்ல; ஆனாலும் நாற்பது வயதில் ஏறிய படியும் எழுபது வயதில் ஏறும் படியும் ஒன்றல்ல. நான் சீக்கிரமே வந்து மேலே நின்றுகொண்டு, நீங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, கூட வந்தவரிடம், "நீங்க போங்க, நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரேன்" என்றார். அவருக்குப் பின்னால் வந்த அம்மா, "எனக்கு மூச்சு வாங்கலை, நெஞ்சைத்தான் அடைக்குது" என்றார். ஜே.என்.யூ. மாணவர் ஒருவர் இரண்டு இரண்டு படியாகத் தாவி இருவரையும் தாண்டிப் போனார்.

இன்றைய உரையை எங்கே தொடங்குவது என்று இரண்டு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திருப்பத்தில் விடை கிடைத்துவிட்டது.

மூச்சுச் சிரமத்துக்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். மூச்சு வாங்குகிறது, இரைக்கிறது, முட்டுகிறது, திணறுகிறது, நெஞ்சை அடைக்கிறது, தொண்டையைப் பிடிக்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடியவனுக்கு மூச்சு வாங்கும், முட்டாது. சன்னல் இல்லாத அறையில் அடைபட்டவனுக்கு முட்டும், இரைக்காது. இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாவற்றுக்கும் 'சாஸ் ஃபூல்னா' என்று இந்தியில் ஒரே வழக்கு. மருத்துவர் அதை 'டிஸ்ப்னியா' என்று சீட்டில் எழுதி முடித்துவிடுவார். நம் ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பாட்டி சொன்ன நுட்பமெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகிறது. இந்தச் சொற்களுக்குப் பின்னால் வெவ்வேறு நரம்புகள் இருக்கக்கூடும் என்பதை இதே தில்லியில் ஒருவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். அவர் அவதார் சிங் பெயின்டல்.

நான் மருந்தியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயின்டலோ உடலியங்கியல்காரர். இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையினர் என்னிடம் கேட்டது, தன்னியக்க நரம்பு மண்டலத்தில் மருந்தியல் செய்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லித்தான். துறை மாறிவிட்டேன் என்று யாரும் எழுந்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மருந்தை நோய்க்குக் கொடுப்பவர் மருத்துவர், மருந்தால் உடம்பைக் கேள்வி கேட்பவர் மருந்தியலாளர். இந்தக் கணக்கில் பெயின்டல் எங்கள் வீட்டுப் பிள்ளை. 1964இல் 'ஃபார்மகாலஜிக்கல் ரிவ்யூஸ்' இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையே மருந்துகள் உணர்முனைகளை என்ன செய்கின்றன என்பதைப் பற்றியதுதான். அந்தக் கட்டுரைக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பழைய பாடம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்பவர் இருந்தார். 1889இல் அவரும் டிக்கின்சனும் ஒரு காரியம் செய்தார்கள். கழுத்தில் உள்ள நரம்புக் கணு ஒன்றின் மேல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல, நிகோடினைத் தூரிகையால் தடவினார்கள். அதற்குப் பிறகு கணுவுக்கு முன்னால் நரம்பைத் தூண்டினால் கண்ணின் பாவை விரியவில்லை; கணுவைத் தாண்டித் தூண்டினால் விரிந்தது. ஆகவே, செய்தி அந்தக் கணுவில்தான் ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. இப்படி ஒவ்வொரு கணுவாக நிகோடின் தடவித் தடவி, உடம்புக்குள் ஓடும் அந்த மறைவான கம்பிகளுக்கு அவர் வரைபடம் போட்டார். 'ஆட்டனாமிக்' என்ற பெயரை 1898இல் வைத்தவரும் அவர்தான். புகையிலையின் நஞ்சு அங்கே மருந்தல்ல, விளக்கு.

ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு சாய்வு இருந்தது. லாங்லியின் மண்டலம் கட்டளை இடும் மண்டலம். மூளையிலிருந்து கீழே போகிற உத்தரவுகளைத்தான் அவர் கணக்கில் எடுத்தார். இதயமே வேகமாக அடி, குடலே மெதுவாகப் போ, வியர்வையே வெளியே வா. நாங்கள் படித்ததும் அதுதான், நான் முப்பது வருஷம் கற்பித்ததும் அதுதான். பலகையில் இரண்டு பத்தி போடுவோம். இடப்பக்கம் பரிவு நரம்பு, வலப்பக்கம் எதிர்ப்பரிவு நரம்பு. பாவை விரியும், சுருங்கும். இதயம் வேகமாகும், மெதுவாகும். பரிவு என்று யார் மொழிபெயர்த்தார்களோ தெரியாது. சண்டைக்கும் ஓட்டத்துக்கும் உடம்பைத் தயார்படுத்துகிற நரம்புக்குப் 'பரிவு' என்று பெயர் வைத்திருக்கிறோம். மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பார்கள்.

எதிர்ப்பரிவு மண்டலத்தின் பெரிய நரம்பு வேகஸ். மண்டையோட்டின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று சுற்றித் திரியும். லத்தீனில் பெயரின் பொருளே 'அலைந்து திரிவது'. பூனையின் கழுத்தில் இந்த நரம்பை வெட்டி, இழைகளை எண்ணிப் பார்த்தவர்கள் 1937இல் ஓர் உண்மையைச் சொன்னார்கள்: ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கட்டளையைக் கீழே கொண்டுபோகவில்லை, செய்தியை மேலே கொண்டுவருகின்றன. அதாவது வேகஸ் பெரும்பாலும் பேசுகிற நரம்பல்ல, கேட்கிற நரம்பு. இந்தச் செய்தி வெளிவந்த பிறகும் பாடப்புத்தகங்கள் மாறவில்லை. மேலே வரும் இழைகள் என்ன சொல்கின்றன என்பது தெரியாதபோது, பாவம், புத்தகம் எழுதுபவர் என்ன எழுதுவார்? பெயின்டல் நுழைந்தது அந்த வெற்றிடத்தில்.

அவர் 1925 செப்டம்பர் 24 அன்று பர்மாவில் மொகோக் என்ற ஊரில் பிறந்தவர். மாணிக்கக் கல்லுக்குப் பேர்போன ஊர். லக்னோவில் கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கே அவர் முதலில் கை வைத்த விஷயமே தன்னியக்க நரம்புதான்: மனநோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ளங்கைத் தோலின் மின்தடை எப்படி வேறுபடுகிறது என்று அளந்தார். பரீட்சை நேரத்தில் கை வியர்க்கிறதே, அந்த வியர்வையின் கணக்கு. அது 1951இல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் வந்தது. பிறகு எடின்பரோவில் டேவிட் விட்டரிட்ஜ் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்தபின் கான்பூர், தில்லி என்று இருந்து, எய்ம்ஸில் பேராசிரியராகி, 1964 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். நம் முனிர்கா நிலையத்தில் மெஜந்தா ரயிலில் ஏறி, ஹௌஸ்காஸில் மஞ்சள் பாதைக்கு மாறினால், வழியில் எய்ம்ஸ் வரும். அதே வண்டியில் உட்கார்ந்திருந்தால் விஷ்வவித்யாலயா வரும். அவருடைய தில்லி ஆராய்ச்சியின் பெரும்பகுதி அந்த இரண்டு நிறுத்தங்களுக்குள் அடங்கிவிடும்.

அவர் செய்த வேலையைச் சொல்வதற்கு முன், என் மாணவப் பருவத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரியின் பெயர் வேண்டாம். மயக்கம் கொடுத்த நாயின் ரத்த அழுத்தத்தைக் கைமோகிராஃப் உருளையில் பதியவைக்கும் செய்முறை வகுப்பு. இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பளபளப்பான தாளை உருளையில் சுற்றி, விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவோம். ஊசிமுனை கறுப்பைக் கீறிக்கொண்டே போகும்; வெள்ளைக் கோடு விழும். வகுப்பு முடிந்ததும் அரக்குக் கரைசலில் முக்கிக் காயவைத்து, நோட்டில் ஒட்டுவோம். கைக்குட்டை, மூக்கு, புடவைத் தலைப்பு எல்லாம் கரி.

அன்றைக்கு ஆசிரியர் அசிட்டைல்கோலினைச் செலுத்தினார். கோடு சரசரவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை. மறுபடி செலுத்தினார். நேர்கோடு. மருந்து பழசாகிவிட்டது என்று உதவியாளரைத் திட்டினார். கோபத்தில் பத்து மடங்கு அளவு போட்டார். கோடு இறங்குவதற்குப் பதிலாக ஏறியது! பின்வரிசையில் இருந்த ஒருத்தி மெல்லிய குரலில், "சார், அட்ரோபின் ஏற்கெனவே போட்டிருக்கு போல" என்றாள். உமிழ்நீர் வழியக் கூடாது என்று மயக்கத்துக்கு முன்பே உதவியாளர் அட்ரோபின் கொடுத்திருந்தார், யாரும் எழுதிவைக்கவில்லை. அட்ரோபின் ஒரு வகைப் பூட்டை அடைத்துவிட்டது. அளவு மிஞ்சியபோது அசிட்டைல்கோலின் இன்னொரு வகைப் பூட்டை, நிகோடின் திறக்கும் அந்தப் பூட்டை, திறந்துவிட்டது. ஊமத்தங்காயில் இருப்பதும் இதே அட்ரோபின் குடும்பம்தான். வகுப்பு கெட்டுப்போயிற்று என்று ஆசிரியர் நினைத்தார். எனக்கோ மருந்தியல் அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் கரித்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பின்வரிசையில் பேசியது நானல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயின்டலின் வேலைக்கு வருவோம். மயக்கத்தில் உள்ள பூனையின் கழுத்தைத் திறந்து, வேகஸ் நரம்பை வெளியே எடுத்து, உறையை உரித்து, காயாமல் இருக்கத் திரவப் பாரஃபினில் மூழ்கவைப்பார்கள். தலைமயிரைப் பிரிப்பது போல அதை ஊசி நுனியால் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். பிரித்த இழையில் இன்னும் சில நூறு இழைகள் இருக்கும். மறுபடி பிரிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஓர் இழையின் துடிப்பு மட்டும் கேட்கும் வரை. துடிப்பை ஒலிபெருக்கியில் இணைத்தால் 'டக், டக்' என்று கேட்கும். பூனை மூச்சை இழுக்கும்போது கூடிவரும் துடிப்பு என்றால் அது நுரையீரல் விரிவதைச் சொல்கிறது. இதயத் துடிப்போடு சேர்ந்து வந்தால் அது இதய மேலறையைப் பற்றிச் சொல்கிறது. மேலறையில் இரண்டு வகைச் செய்தியாளர்கள் இருப்பதை அவர் 1953இல் பிரித்துக் காட்டினார்; ஒன்று மேலறை சுருங்குவதைச் சொல்லும், மற்றொன்று அது ரத்தத்தால் நிரம்புவதைச் சொல்லும்.

சிக்கல், மெல்லிய இழைகளில் இருந்தது. வேகஸில் தடித்த இழைகள் விநாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் செய்தி கடத்தும். உறையில்லாத மெல்லிய இழைகள் சுமார் ஒரு மீட்டர், நாம் மார்க்கெட்டுக்கு நடந்து போகும் வேகம். எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ஆனால் சும்மா இருக்கும்போது அவை பெரும்பாலும் பேசுவதே இல்லை. பேசாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரித்த இழை செத்துவிட்டதா, சும்மா இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

பேசவைக்க மருந்து. ஃபீனைல் டைகுவனைடு என்ற வேதிப்பொருளை வலது இதயத்துக்குள் செலுத்தினால், இரண்டு மூன்று விநாடிக்குள் அந்த மௌன இழை படபடவென்று பொரிந்தது. அதையே இடது இதயத்துக்குள் செலுத்தினால் அந்த வேகம் இல்லை. வலது இதயத்திலிருந்து ரத்தம் நேரே நுரையீரலுக்குப் போகிறது. இடதிலிருந்து உடம்பைச் சுற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஆகவே இழையின் முனை நுரையீரல் ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அடுத்து, ரத்தத்தை விட்டுவிட்டுக் காற்று வழியாக வந்தார். ஹாலோத்தேன் போன்ற மயக்க வாயுவை நுரையீரலுக்குள் ஊதினால், ஒரு விநாடிகூட ஆகவில்லை, இழை பேசியது. ரத்தத்திலிருந்தும் எட்டும் தூரம், காற்றிலிருந்தும் எட்டும் தூரம். நுரையீரலின் காற்றுப் பைக்கும் நுண்ரத்தக் குழாய்க்கும் நடுவே உள்ள சுவர் மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. முனை அந்தச் சுவரோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் யாரும் பார்ப்பதற்கு முன்பே, கதவின் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, கேட்ட சத்தத்தின் நேரத்தை அளந்து, அவர் முகவரி எழுதிவிட்டார். மருந்தை நேரம் காட்டும் கருவியாக இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியவர்கள் எங்கள் துறையிலேயே குறைவு.

இதன் முதல் கட்டுரை 1955இல் வந்தது. அதன் தலைப்பில் ஃபீனைல் டைகுவனைடோடு உருளைக்கிழங்கு மாவும் உண்டு! மாவுத் துகள்களை ரத்தத்தில் விட்டு நுண்குழாய்களை அடைத்துப் பார்த்தார்கள். முனைகள் என்ன சொல்கின்றன என்று. அந்தக் கட்டுரையில் அவர் இவற்றுக்கு வைத்த பெயர் 'காற்றுக் குறையும்போது பேசும் முனைகள்' என்ற பொருள் தருவது. நுரையீரல் சுருங்குவதுதான் இவற்றின் வேலைக்கான தூண்டல் என்று அப்போது நினைத்தார். அது சரியில்லை என்று பிறகு அவருக்கே பட்டது. பதினான்கு ஆண்டு கழித்து, 1969இல், தான் வைத்த பழைய பெயரைத் தானே நீக்கினார். நுண்குழாய்களை ஒட்டிய இடத்தில் நீர் கோத்துச் சுவர் விம்மும்போதுதான் இவை இயல்பாகப் பேசுகின்றன என்றார். நுண்குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவை என்பதற்கான ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்தை எடுத்து 'ஜே' என்று சுருக்கினார். மருத்துவ மாணவர்கள் இன்று 'ஜே ரிசப்டர்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஓர் எழுத்துக்குள் ஒரு தவற்றை ஒப்புக்கொண்ட கதை இருப்பது எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

'ரிசப்டர்' என்ற ஆங்கிலச் சொல் எங்களுக்குப் பெரிய தொல்லை. மருந்து போய் ஒட்டும் மூலக்கூறும் ரிசப்டர்தான். அழுத்தத்தையும் வலியையும் உணரும் நரம்பு முனையும் ரிசப்டர்தான். தமிழில் ஒன்றை ஏற்பி என்றும் மற்றொன்றை உணர்முனை என்றும் பிரித்துவிடலாம். நான் வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் எடுத்துக்கொண்டே இந்த இரண்டு சொல்லையும் பலகை ஓரத்தில் எழுதிவைப்பேன். வடநாட்டுப் பிள்ளைகள், இது என்ன எழுத்து மேடம் என்று கேட்பார்கள்.

1964ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெயின்டல் சொன்ன முக்கியமான எச்சரிக்கை இந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான். ஒரு வேதிப்பொருள் ஓர் உணர்முனையைத் தூண்டுகிறது என்பதாலேயே, அந்த முனை வேதிப்பொருளை மோப்பம் பிடிப்பதற்காகப் படைக்கப்பட்டது என்று ஆகிவிடாது. வாசற்கதவை மாடு முட்டினாலும் அழைப்பு மணி ஒலிக்கலாம். அதற்காக மணியை மாட்டுக்காக வைத்தார்கள் என்று சொல்வோமா? நீட்சியை உணரும் முனைகளையும் பல மருந்துகள் தூண்டுகின்றன, அல்லது கூர்மையாக்குகின்றன. அது நரம்பு முனையின் சவ்வில் நடக்கும் காரியம். உணர்தலின் நோக்கம் வேறு. எங்கள் துறையில் இன்றைக்கும் இந்தப் பிழை நடக்கிறது. ஒரு மருந்து ஒரு வழியில் வேலை செய்தால், நோயும் அந்த வழியாகத்தான் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

சரி, ஜே முனைகள் பேசினால் உடம்பு என்ன செய்கிறது? மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக, மேலோட்டமாக ஓடுகிறது. இதயம் மெதுவாகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. கூடவே விசித்திரமான ஒன்று: கை கால் தசைகள் தளர்கின்றன. 1970இல் தேஷ்பாண்டேயும் தேவானந்தனும் இதை முதுகுத்தண்டின் அனிச்சைச் செயல்களை அளந்து காட்டினார்கள். தேவானந்தன் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு உடலியங்கியல் ஆராய்ச்சி செய்தவர். நுரையீரலில் ஒரு முனையைத் தூண்டினால் கால் தசை ஏன் அடங்க வேண்டும்? பெயின்டலின் ஊகம் இது: கடும் உழைப்பில் நுரையீரலுக்கு ரத்தம் பாய்ந்து, நீர் கோக்கத் தொடங்குகிறது, அதற்கு மேல் போனால் ஆபத்து, ஆகவே நுரையீரலே காலிடம் 'நில்' என்கிறது. மலை மந்திர் கோயில் படியில் பாதி தூரம் ஏறிய பிறகு, நெஞ்சுக்கு முன்னால் கால் வெலவெலத்துப் போகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலில் நீர் கோத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஓர் அவசரமும் இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு லடாக்கில் சமவெளியிலிருந்து நேரே உயரத்துக்கு ஏற்றப்பட்ட சிப்பாய்களுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் அதை 1965இல் 'லான்செட்'டில் விரிவாக எழுதினார்கள். பெயின்டலும், அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான ஆஷிமா ஆனந்தும் உயரமான இடத்து வீரர்களிடம் ஜே முனைகளின் பங்கைத் தேடினார்கள்.

மனிதரிடம் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்து லோபெலின். நீலகிரியில் வளரும் காட்டுப்புகையிலைச் செடியிலும் இருப்பது. மிகச் சிறிய அளவில் நரம்பில் ஏற்றினால், சில விநாடிகளில் தொண்டையிலும் மேல்நெஞ்சிலும் ஏதோ அடைப்பது போல, புகை பட்டது போல ஓர் உணர்ச்சி. கூடவே வறட்டு இருமல். பூனையில் இழைகள் பேசும் நேரத்தையும் மனிதர் 'இதோ வந்துவிட்டது' என்று சொன்ன நேரத்தையும் ஒப்பிட்டு 1995இல் ஒரு கட்டுரை வந்தது. எனக்குப் பிடித்தது அதுதான். ஏனென்றால் அங்கே கருவி காட்டும் எண்ணுக்குச் சமமான இடம், ஓர் ஆள் தன் தொண்டையைத் தொட்டுச் சொன்ன வார்த்தைக்குக் கிடைத்தது. 'மூச்சு முட்டுது' என்பதும் 'தொண்டையைப் பிடிக்குது' என்பதும் வேறு வேறு என்று ஓர் ஆய்வகம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஜான் கோல்ரிட்ஜ், ஹேசல் கோல்ரிட்ஜ் தம்பதியர், நுரையீரல் ரத்தச் சுற்றிலும் மூச்சுக்குழாய் ரத்தச் சுற்றிலும் தனித்தனி மெல்லிய இழைகள் இருப்பதைக் காட்டி, ஜே என்ற பெயர் இடத்தைப் பற்றி அளவுக்கு மீறி உறுதி சொல்கிறது என்றார்கள். இன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர்கள் வைத்த பொதுப்பெயரே அதிகம். இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இதயமும் நுரையீரலும் மாற்றி வைக்கப்பட்டவர்களுக்கு, புதிய நுரையீரலில் வேகஸ் தொடர்பு அறுந்திருக்கும். அவர்களுக்கும் படி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆகவே நம் பெரியவரை அந்தத் திருப்பத்தில் நிறுத்தியது ஜே முனைகள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தசையின் களைப்பு, ரத்தத்தில் கூடும் கரியமில வாயு, மூளையின் முன்கணிப்பு எல்லாம் சேர்ந்த கூட்டணி அது. என் அபிப்பிராயம்: ஆரோக்கியமானவரின் ஓட்டத்தை நிறுத்துவது ஜே என்ற வாதம் தேறவில்லை, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவரின் வேகமான, மேலோட்டமான மூச்சில் அதற்குப் பங்கு உண்டு என்பது நிற்கிறது.

இரைப்பையை விட்டுவிட்டால் தமிழ்ச் சபையில் மன்னிப்பு கிடையாது. இரைப்பைச் சுவர் நீளும்போது பேசும் வேகஸ் இழைகளைப் பதிவு செய்து, பசி அடங்குவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று பெயின்டல் 1954இல் எழுதினார். சாப்பாடு ரத்தத்தில் சேர்வதற்கு வெகு முன்பே 'போதும்' என்ற செய்தி கிளம்பிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் இலை மேல் கையை விரித்து மறிக்கிறோமே, அந்தக் கையை எழுப்பும் செய்தி வேகஸ் வழியாக மூளைக்குப் போகிறது. பாயசத்துக்கு மட்டும் அந்தச் செய்தி செல்லாது. அதற்கு மூளையில் வேறு இலாகா.

இதிலேயே நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கு ஒரு பாதை பிரிகிறது. ஃபீனைல் டைகுவனைடு போய் ஒட்டுவது செரடோனினுக்கான ஒரு வகை ஏற்பியில் என்று பின்னாளில் தெரிந்தது. அதே வகை ஏற்பி, குடலிலிருந்து மேலே வரும் வேகஸ் முனைகளிலும் இருக்கிறது. புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் கொடுத்தால் குடல் செல்கள் செரடோனினைக் கொட்டும்; வேகஸ் அலறும்; நோயாளி வாந்தி எடுப்பார். அந்த ஏற்பியை அடைக்கும் ஒண்டான்செட்ரான் 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தபோது, புற்றுநோய் வார்டுகளின் முகமே மாறியது. இப்போது குழந்தைக்கு வாந்தி என்றால் மருத்துவர் எழுதும் அந்தச் சின்னப் பாட்டில் இதுதான். உத்தரவை அல்ல, செய்தியை நிறுத்தும் மருந்து. லாங்லியின் இரண்டு பத்திப் பலகையில் இதற்கு இடம் கிடையாது.

மனிதரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1981இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1986இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். ஆராய்ச்சியில் பொய்க்கணக்கு எழுதுபவர்களை அம்பலப்படுத்த ஒரு சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார். இந்தியாவில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஆனால் 1988இல், எய்ட்ஸைத் தடுக்க வெளிநாட்டவருடன் உடலுறவைச் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும் என்று இதே மனிதர் முன்மொழிந்தார். ஊரே சிரித்தது, கோபப்பட்டது, இரண்டும் நியாயம். ஓர் இழையைத் தனியே பிரித்தெடுப்பதில் அத்தனை பொறுமை காட்டியவருக்கு, சமூகம் அப்படிப் பிரியாது என்பது தெரியவில்லை. 2004 டிசம்பர் 21 அன்று காலமானார்.

இனி ஒரு செய்தியோடு இறங்கிக்கொள்கிறேன். வேகஸின் மெல்லிய இழைகளையே குறிவைத்து, தீராத இருமலுக்குக் கெஃபாபிக்ஸன்ட் என்று ஒரு மாத்திரை வந்திருக்கிறது. ஜப்பான் 2022இல் ஒப்புதல் கொடுத்தது. அமெரிக்கா, பலன் போதவில்லை என்று திருப்பி அனுப்பியது. மூச்சுக்குழாயிலிருந்து வரும் செய்தியை அது தணிக்கிறது. ஆனால் அந்த மாத்திரை குறிவைக்கும் வகை ஏற்பி நாக்கின் சுவை நரம்பிலும் இருப்பதால், முழு அளவு எடுத்துக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சுவை கெட்டுவிட்டது. இந்த மாதத்துப் புகையில் இங்கே பாதிப்பேர் இருமிக்கொண்டிருக்கிறீர்கள், என்னையும் சேர்த்து. இருமல் நிற்கும், ஃபில்டர் காபி வெந்நீர் மாதிரி இருக்கும் என்றால் யார் யார் சம்மதிப்பீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

ஒருவர்கூட இல்லை. காபி கீழே முதல் மாடியில் வைத்திருக்கிறார்களாம். இறங்குவதற்கு மூச்சு வாங்காது.